காற்றாட மூன்று வாரம்

அன்று வாசகசாலையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைவர் நாற்காலியில் ஹனீஃபா சாயபு. அவருக்கு வலப்புறம் தம்பி ஜாஹிர். எதிரில் மாகறலிலிருந்து வந்திருந்த துரைக்கண்ணு. வாசகசாலைக் கமிட்டியில் வெகுகாலமாக இருப்பவர். கதவருகே முக்காலியில் பைண்டிங் ராமலிங்கம். சுவரில் ஒட்டிய பெரிய வெள்ளைத் தாளின் முன்னால், துப்பட்டாவைத் தலையில் சரிசெய்துகொண்டு ஹனீஃபாவின் மகள் சாய்மா. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் பேசியவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் அன்று அங்கே இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில், ஹனீஃபாவின் பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது கரீம் சாயபு வாசகசாலை. ஹனீஃபாவின் தகப்பனார் கரீம் சாயபு வைத்தது. அவர் காலையில் கல்லாவில் உட்காருவதற்கு முன் மாடிக்குப் போய் நாலு பக்கம் படித்துவிட்டுத்தான் இறங்குவார். பம்பாய் போனாலும் மைசூர் போனாலும் சரக்குப் பணத்தில் கொஞ்சம் புத்தகமாகத் திரும்பி வரும். உருது, தமிழ், அரபு எழுத்தில் அச்சிட்ட தமிழ் எல்லாம் வாங்கினார். தேவாரப் பதிப்பும் மார்க்க நூலும் ஒரே கண்ணாடி அலமாரியில் தோளோடு தோள் நின்றன. கேட்டவர்களிடம், "ரெண்டையும் படிக்கறவன் நான் ஒருத்தன்தானே, அலமாரி எதுக்கு ரெண்டு?" என்பார்.

மாடித் தளம் ஒழுக ஆரம்பித்தது. செவிலிமேட்டில் குடும்பத்துக்கு ஒரு மனை இருந்தது. அதில் கூடம் எழுப்பி வாசகசாலையை அங்கே கொண்டுபோவது என்று முடிவானது. கோடையிலேயே மாடியைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய நாளிலிருந்து கடைத்தெருவில் ஹனீஃபாவுக்குத் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. "இன்னா பாய், அப்பா சேத்தத எடைக்குப் போட்டுட்டீங்களா?" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். சிரித்துக்கொண்டு கேட்டதுதான் அவருக்குச் சுட்டது. தகப்பன் வைத்ததை மகன் பூட்டினான் என்ற பெயர் நிலைத்துவிடக் கூடாது. சொன்ன நாளில் கதவு திறக்க வேண்டும். அவருக்கு வேறு கவலை இல்லை.

வேலையைச் சாய்மாவின் கையில் கொடுத்தார். அவள் சென்னையில் நூலக அறிவியல் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் வேலையும் பார்த்தவள். "வெளியாளு வந்து எங்கத்தா புஸ்தகத்தத் தொடணுமா?" என்று கேட்டு வரவழைத்தவர் அவர்தான். அவள் வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

சுவரில் இருந்தது அவள் போட்ட திட்டம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறத்தில் காகிதப் பட்டை. பழைய புத்தகங்களைப் பைண்டிங் செய்வது சிவப்பு. அதன் பின் பச்சை. அதற்குப் பின் கட்டுவது, ஏற்றுவது, அடுக்குவது. எது முடிந்தால் எதைத் தொடலாம் என்று அம்புக்குறி.

"டவுன் பஸ் ரூட்டு மாதிரி இருக்குதும்மா," என்றார் ஜாஹிர். "செவிலிமேட்டுக்குப் போறதுக்கு இத்தினி ஸ்டாப்பிங்கா?"

"எறங்க வேண்டிய ஸ்டாப்பிங்ல எறங்கலன்னா திரும்பி நடக்கணும் சாச்சா."

துரைக்கண்ணு பச்சைப் பட்டையைக் காட்டினார். "இது இன்னா, இவ்ளோ நீளமா?"

"காத்தாட விடறது மாமா. ராமலிங்கம் அண்ணன் பசை போட்டுக் குடுக்கற புஸ்தகம் தொட்டா காஞ்சாப்பல இருக்கும். முதுகுக்குள்ள ஈரம் நிக்கும். வரப்போறது மழைக்காலம். நிக்க வெச்சு, பக்கத்தை விரிச்சு, ஃபேன் காத்துல மூணு வாரம் விடணும். அதுக்கப்புறம்தான் கட்டலாம்."

"மூணு வாரமா? எங்க ஊர்ல நெல்லு காயறதுக்குக்கூட இவ்ளோ நாள் ஆவாதே."

"நெல்லு படிக்காது மாமா. இத படிக்கணும்."

ராமலிங்கம்கூடச் சிரித்துவிட்டார். துரைக்கண்ணு தொடையில் தட்டிக்கொண்டு, "பாய், பொண்ணு வாயில வக்கீல் இருக்குது," என்றார். ஹனீஃபா சிரிக்கவில்லை, ஆனால் அவருக்கு உள்ளே குளிர்ந்தது.

"சரி, தெறப்பு விழா என்னிக்கி?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

சாய்மா தாளின் வலது ஓரத்தைப் பார்த்து, "கார்த்திகை கடைசியில..." என்று தொடங்கினாள். அதே நேரத்தில் ஹனீஃபாவின் குரல் எழுந்தது.

"ரபீயுல் ஆகிர் மாசம், கடைசி வெள்ளிக்கிழமை. எங்கத்தா மவுத்தான நாள் அந்த வாரத்துலதான் வருது. பள்ளிவாசல்ல சொல்லிட்டேன். அன்னிக்குத் தெறக்கறோம்."

தகப்பனார் இறந்த நாளை ஒட்டிப் பிறைக் கணக்கில் வரும் அந்த வெள்ளிக்கிழமை, ஐப்பசி அடைமழைக்குள் விழுந்தது. சாய்மாவின் தாளில் அந்த நாளுக்கு நேரே பச்சைப் பட்டை இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வெளியாள் இருக்கும் இடத்தில் பெரியவர் சொன்னதற்கு மறுசொல் கிடையாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் வீட்டுக்குள், சாப்பாடு முடிந்தபின் சொல்லலாம். அப்போது எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் குற்றமில்லை. கரீம் சாயபு காலத்திலிருந்து வரும் வழக்கம். அதை மீறி நடந்தவர்கள் அந்த வீட்டில் இல்லை. சாய்மாவும் அதில் வளர்ந்தவள்.

அன்று பகல் சாப்பாடு முடிந்தது. ஹனீஃபாவின் மனைவி மெஹதாப் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தா, அந்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது."

"ஏன் முடியாது? ஆளு வேணுமா? கடையில இருந்து அனுப்பறேன்."

"ஆளு பத்தலன்னு சொல்லல. நாளு பத்தல. வேற எத வேணா வெட்டுங்க. ரேக்குக்கு பெயின்ட் அப்புறம் அடிக்கலாம். புஸ்தகப் பேரை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறத தெறந்த பின்னாடி பாத்துக்கலாம். காத்தாட விடறத மட்டும் வெட்டக் கூடாது."

"தெறக்கற அன்னிக்கு வர்றவன் பெயின்ட் அடிக்காத ரேக்கத்தான் பாப்பான். நீ காத்தாட வெச்சத எவன் பாப்பான்?"

"புஸ்தகம் பாக்கும் அத்தா."

மெஹதாப் திரும்பி, "படிச்சவ சொல்றா, கொஞ்சம் கேளுங்களேன்," என்றார்.

"நானும் படிச்சவன்தான். சரக்கைப் படிச்சவன்." ஹனீஃபா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காத்து பட்டா சரிகை கறுத்துப் போவும். அதுக்காவ மல் துணியில சுத்தி, மேல பாலிதீன் போட்டு, வாயை டேப் வெச்சு ஒட்டிட்டா, கல்கத்தா வரைக்கும் கொட்டற மழையில போவும். மடிப்பு கலையாது. எங்கத்தா காலத்துல இருந்து ஒரு சேலை கெட்டுப்போச்சுன்னு திரும்பி வந்ததில்ல. பட்டுக்கு ஆவறது காயிதத்துக்கு ஆவாதா?"

"பட்டு காஞ்சு உள்ள போவுது அத்தா. இது ஈரத்தோட போவுது."

"பசை மேலாப்பல இருக்கற ஈரம், ரெண்டு நாள்ல போயிடும். அந்தப் பச்சைத் தாளை எடுத்துடு."

சாய்மா எழுந்துகொண்டாள். முறைப்படி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டியவர் கேட்டும் ஆகிவிட்டது. அதற்கு மேல் அந்த வீட்டில் வழி இல்லை.

மறுநாள் மாடிக்குப் போன ஹனீஃபா, சுவரில் பச்சைப் பட்டை இல்லாததைக் கண்டார். பின்னால் இருந்த பட்டைகளெல்லாம் இடப்பக்கம் தள்ளி ஒட்டப்பட்டிருந்தன. வேறு யாரையும் தொட விடாமல் அவளே உரித்து, அவளே நகர்த்தியிருந்தாள். அவருக்குத் திருப்தியாக இருந்தது. மகள் வழிக்கு வந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டார்.

பைண்டிங்குக்குப் போனவை பெரும்பாலும் கண்ணாடி அலமாரிப் புத்தகங்கள். கரீம் சாயபு கை பட்டுப் பட்டு முதுகு பிரிந்தவை அவைதாம். ராமலிங்கம் முடித்துக் கொடுக்கக் கொடுக்க, ஹனீஃபா கடையில் சேலை கட்டும் ஆட்களை மாடிக்கு அனுப்பினார். அவர்கள் கை தேர்ந்தவர்கள். மல் துணியைச் சதுரமாக விரித்து, ஓரம் பிசகாமல் அடுக்கி, நான்கு மூலையையும் இழுத்து மடித்து, பாலிதீனுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றிவிட்டு டேப் ஒட்டினார்கள். கல்யாணச் சீர் போலக் கட்டுகள் வரிசையாக நின்றன. ஹனீஃபா நடுவில் நின்று பார்த்தார். தகப்பனாரின் புத்தகங்களுக்கு இவ்வளவு மரியாதையான கட்டு யார் கட்டியிருப்பார்கள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. செவிலிமேட்டுக் கூடத்தில் ரேக் அடித்து முடியவில்லை. கட்டுகள் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் காத்திருந்தன. சாய்மா தினமும் காலையில் கிடங்குக்குள் போய் ஒவ்வொரு கட்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் கேட்டாள்.

"நாலு கட்டையாவது பிரிச்சுப் பாக்கட்டுமா அத்தா?"

"பிரிச்சா மறுபடி எவன் கட்டுவான்? தீபாவளி சரக்கு தலைக்கு மேல இருக்குது. உன் ஆசைக்கு ஆளு இல்லமா."

அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

திறப்புக்கு முந்திய நாள் ஒரு டாடா ஏஸில் தார்ப்பாய் போட்டு, கட்டுகளை எல்லாம் செவிலிமேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் புதுப் பெயின்ட் வாசனை. சுவரோரம் காலியாகக் கண்ணாடி அலமாரி. முதல் கட்டை ஜாஹிர் மேசைமேல் வைத்து டேப்பைக் கிழித்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாண்ணே நாத்தம் இது?"

பாலிதீனின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். வெள்ளைத் துணியில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள். ஹனீஃபா தம்பியை விலக்கிவிட்டுத் தாமே துணியைப் பிரித்தார். மேலே இருந்த புத்தகத்தை எடுத்தார். அதோடு அடியிலிருந்த மூன்றும் சேர்ந்து வந்தன. பிரிக்க முயன்றார், அட்டை மட்டும் வழுக்கிக்கொண்டு கையில் வந்தது. உள்ளே தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுட்ட செங்கல் போல இறுகிக் கிடந்தன. ஓரமெல்லாம் சாம்பல் நிறப் பூசணம் பூத்திருந்தது.

அடுத்த கட்டைப் பிரித்தார். அதற்கடுத்ததை. நிறுத்துங்கள் என்று ஜாஹிர் சொன்னது அவர் காதில் விழவில்லை. ஒன்றாவது நன்றாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசிக் கட்டுவரைக்கும் தம் கையாலேயே பிரித்தார்.

சாய்மா பழைய பேப்பரைத் தரையெங்கும் விரித்தாள். இருந்த ஃபேன்களை எல்லாம் இறக்கித் தரையைப் பார்த்துத் திருப்பினாள். பிரியக் கூடியது, பிரியாதது என்று இரண்டாகப் பிரித்து வைத்தாள். ராமலிங்கத்துக்கு போன் போட்டாள். அவர் மழையில் நனைந்துகொண்டு வந்து மண்டியிட்டு, வெகுநேரம் ஒரு புத்தகத்தை மெல்லிய கத்தியால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவ்வளவு நேரத்தில் சாய்மா தகப்பனாரின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை கதவு திறந்தது. சொன்ன சொல் தவறவில்லை. பைண்டிங்குக்குப் போகாத புத்தகங்களுக்கு ஒரு கேடும் இல்லை. அவை புது ரேக்குகளில் அழகாக நின்றன. கரீம் சாயபு பேரில் பாத்திஹா ஓதினார்கள். வந்தவர்கள் மழையைத் திட்டிக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார்கள். கண்ணாடி அலமாரியை ஒரு வெள்ளை விரிப்பால் மூடியிருந்தார்கள். விருந்தாளி ஒருவர், "இத எப்ப தெறந்து வெக்கப்போறீங்க பாய்?" என்று ஆவலாகக் கேட்டார். "மராமத்து நடக்குது," என்றார் ஹனீஃபா.

அரபு எழுத்துள்ள தாளைக் குப்பையில் போடும் வழக்கம் இல்லை. மண்ணில்தான் அடக்குவார்கள். மழை விட்ட ஒரு நாள், கூடத்துக்குப் பின்னால், மண் மேடாக இருந்த இடத்தில் குழி வெட்டினார்கள். பிரியாத புத்தகங்களை அதே மல் துணியில் சுற்றி, சாய்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஹனீஃபா குழிக்குள் இறங்கி நின்று வாங்கி வைத்தார். அந்த வயதில் அவர் இறங்கியிருக்க வேண்டியதில்லை. தேவாரம் வந்தபோது ஜாஹிர், "இது தமிழ்தானேண்ணே, இதையுமா?" என்று கேட்டார்.

"அத்தா ஒண்ணாத்தான் வெச்சிருந்தாரு," என்றார் ஹனீஃபா.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அப்பன் கையும் மகள் கையும் பட்டுக்கொண்டன.

கமிட்டி கூடியது பழைய மாடியில். ராமலிங்கத்தை அழைக்கவில்லை, மற்ற நால்வரும் இருந்தார்கள். ரேக்குகள் போய்விட்டதால் குரல் எதிரொலித்தது. சுவர்களில் கரீம் சாயபுவின் படமும் சாய்மாவின் தாளும் மட்டும் அப்படியே இருந்தன. துரைக்கண்ணு தாளின் முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, அன்னிக்கு மூணு வாரம் காத்தாட விடணும்னு நீதானே சொன்ன? நான்கூட நெல்லு கதை சொன்னேன். இதுல அத காணோமே."

அவர் திரும்பி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கு ஊர்ல கேப்பாங்க. நான் இன்னா சொல்றது? யாரு எடுத்தது அத?"

ஜாஹிருக்கு வீட்டுக்குள் நடந்த பேச்சு தெரியாது. அவருக்கு ஆத்திரம். "படிச்ச புள்ளைன்னு நம்பிக் குடுத்தோம். எங்கத்தாவோட புஸ்தகம்மா அது. கலர் கலரா ஒட்டிட்டா ஆச்சா?"

சாய்மா தகப்பனாரைப் பார்த்தாள்.

அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்று ஹனீஃபாவுக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம். 'எடுக்கச் சொன்னது நான்.' அவள் வெளியாள் முன்னால் வாய் திறக்க மாட்டாள். அவர் கற்றுக்கொடுத்த முறை அது. அவர் மானத்தைக் காக்க அவள் வீட்டுக்குள் மட்டும் பேசினாள். அதனாலேயே இப்போது அந்த மாடியில் அவளுக்குச் சாட்சி சொல்ல அவரைத் தவிர ஆள் இல்லை.

வாக்கியம் தொண்டைவரை வந்தது. எதிரே தகப்பனாரின் படம். பக்கத்தில் துரைக்கண்ணு, இன்று சொன்னால் நாளை மாகறலில் டீக்கடைவரை போய்விடும். கரீம் சாயபு சேர்த்ததை அவர் மகனே அழித்தான் என்பார்கள். இவள் சின்னப் பெண். சின்னவள் தவறை ஊர் ஒரு மழையோடு மறந்துவிடும். குடும்பத் தலைவன் தவறு பேரன் காலம்வரை நிற்கும். குடும்பத்தின் பெயருக்காகத்தான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நடந்தது நடந்துபோச்சு. அடுத்தத பேசுவோம்," என்றார்.

சாய்மா கண்ணைத் தாழ்த்தவில்லை. துரைக்கண்ணுவின் பக்கம் திரும்பி, "அந்தப் பட்டைய உரிச்சது என் கைதான் மாமா," என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

துரைக்கண்ணு நல்ல மனிதர். அவருக்கு இரக்கமாகிவிட்டது. "உடுங்க பாய், சின்னப் பொண்ணு. தெரியாம பண்ணிட்டுது," என்றார்.

தெரியாமல். மூன்று வாரம் என்று முதலில் சொன்னவளே அவள்தான். அந்தச் சொல் விழுந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று ஹனீஃபா பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அன்று பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ஹனீஃபா தாம் சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தள்ளிவிட்டு, அந்த வீட்டில் எந்தத் தலைவரும் சொல்லாததைச் சொன்னார்.

"சாய்மா. தப்பு என்னோடது. எனக்குத் தெரியும்மா."

மெஹதாபின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

சாய்மா கடைசிக் கவளத்தை மென்று விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். "இத மாடியில சொல்லியிருக்கணும் அத்தா," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

அந்த வாரமே சென்னைக்குப் போய்விட்டாள். பழைய இடம் கிடைக்கவில்லை. வேறொரு கல்லூரி நூலகத்தில் சேர்ந்தாள். மெஹதாபோடு தினமும் போனில் பேசுகிறாள். சில நாள் போனை ஹனீஃபா எடுப்பார். "சாய்மா, சாப்ட்டியாம்மா?" என்பார். மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்கும். பேருந்துச் சத்தம் கேட்கும். கொஞ்சம் காத்திருந்துவிட்டு மனைவியிடம் கொடுப்பார்.

ஒருநாள் அவர் மாகறலுக்கே போனார். துரைக்கண்ணுவின் வீட்டில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினார். துரைக்கண்ணு ஓடி வந்து கையைப் பிடித்து உட்காரவைத்து, "பொண்ணு எப்படி இருக்குது பாய்? மனசுல ஒண்ணும் வெச்சுக்க வேணாம்னு சொல்லுங்க," என்றார். டீ வந்தது. குடித்தார். ஏரி நிரம்பியதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

செவிலிமேட்டுக் கூடம் தினமும் திறக்கிறது. காலையில் ஹனீஃபா சாயபுதான் போய்க் கதவைத் திறக்கிறார். சன்னல்களை எல்லாம் திறந்து வைக்கிறார். கண்ணாடி அலமாரியில் பிழைத்த சில புத்தகங்கள் இடைவெளி விட்டு நிற்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் பஸ் வரும்வரை வந்து பேப்பர் படிக்கிறார்கள். புதுத் திட்டம் எதுவும் போடவில்லை. போட ஆள் இல்லை.

வாசகசாலையைப் பாழாக்கிய மகளோடு ஹனீஃபா சாயபு பேச்சை நிறுத்திவிட்டார், வீட்டை விட்டே அனுப்பிவிட்டார் என்று பட்டுக்கடைத் தெருவில் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் அனுப்பவில்லை. பேச்சை நிறுத்தியது சாய்மா.